‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால்

தம்பி, சுங்கை சிப்புட்டிலிருந்து வேலை இண்டர்வியூவில் சொல்வதற்காக நீங்கள் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிமுகத்தைப் படித்தேன். அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார், வீட்டில் நீங்கள் மூன்றாவது பிள்ளை, தமிழ்ப்பள்ளியில் படித்தீர்கள், காற்பந்து பிடிக்கும், கடினமாக உழைப்பீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இதைக் கேட்டு உங்களுக்கு என்ன வேலை தருவது என்று முதலாளிக்கு எப்படித் தெரியும்?

கடைசி வரியில், தொழிற்பயிற்சியில் ‘மோட்டார் பழுதுபார்த்தேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். போனில் துருவிக் கேட்டபோதுதான் முழுக் கதையும் வந்தது. செம்பனை (பாமாயில்) ஆலையில் ஒரு கன்வேயர் மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகி நின்றுபோயிருக்கிறது. வருகிறவர்கள், சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோட் ரிலேயை ரீசெட் செய்துவிட்டுப் போய்விடுவார்களாம். நீங்கள் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்பியரை அளந்து, மோட்டார் மின்சாரத்தை அதிகமாக இழுக்கிறது என்று ஃபோர்மேனிடம் சொன்னீர்கள். கழற்றிப் பார்த்தால், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்துகிடந்திருக்கிறது. இதைப் போய் ஒளித்துவைக்கலாமா?

இப்படி எழுதிப் பாருங்கள்:

“ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் மின் பொறியியல் டிப்ளோமா முடித்திருக்கிறேன். செம்பனை ஆலையில் பராமரிப்புப் பிரிவில் பயிற்சி பெற்றேன். அங்கே அடிக்கடி நின்றுபோன ஒரு மோட்டாரின் மின்னோட்டத்தை அளந்து, கோளாறு பேரிங்கில் இருப்பதைக் கண்டுபிடிக்க உதவினேன். சர்க்கியூட் வரைபடம் படிக்கத் தெரியும். பராமரிப்பு டெக்னீஷியன் வேலை தேடுகிறேன். ஷிப்ட் வேலைக்கும் வருவேன்.”

நிதானமாகப் பேசினாலும் அரை நிமிடத்தை ஒட்டித்தான் வரும். அதற்கு மேல் இழுக்காதீர்கள், மீதியை அவர்களே கேட்கட்டும். பேரிங் என்று சொன்னதும் “எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்ற கேள்வி அநேகமாக வரும். அந்தப் பதிலை நன்றாகத் தயார் செய்யுங்கள்.

நம்மைப் பற்றி நாமே பீற்றிக்கொள்வதா என்று அப்பா தயங்குகிறாராம். செய்ததைச் செய்தேன் என்று சொல்வதில் என்ன பீற்றல்? பேரிங்கை மாற்றியது ஃபோர்மேன், அதை ‘நான் மாற்றினேன்’ என்றால்தான் தப்பு. ‘உதவினேன்’ என்று போட்டது அதனால்தான். அதேபோல, பி.டபிள்யூ.2 வயர்மேன் தகுதிக்குப் படிக்கிறீர்கள் என்றால் படிக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். அது வயரிங் வேலைக்கு மலேசிய எரிசக்தி ஆணையம் தரும் சான்றிதழ், இருக்கிறதா இல்லையா என்று கேட்டுவிடுவார்கள்.

தோட்டத்தை மறைக்கச் சொல்லவில்லை. செம்பனை ஆலை வேலைக்கே மனுப் போட்டால் முதல் வரியிலேயே சொல்லுங்கள். செம்பனைக் குலை நிறைய வரும் பருவத்தில் ஆலை இரவு பகலாக ஓடும் என்று தெரிந்த பையன் அவர்களுக்கு வேண்டியவன். கூலிமில் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போகும்போது தோட்டத்துக்குப் பதிலாக ஷிப்டையும், இயந்திரங்களைத் தானாக இயக்கும் பிஎல்சி கணினியைக் கற்கும் ஆசையையும் வையுங்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே அறிமுகம் எடுபடாது.

அப்புறம், இண்டர்வியூவில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதை மலாயில் ‘செரித்தாகான் தெந்தாங் டிரி அண்டா’ என்றும் கேட்கலாம், ஆங்கிலத்திலும் கேட்கலாம். இரண்டிலும் எழுதி, போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். மலாயில் உங்களுக்குத் தடுமாற்றம் இல்லை, ஆங்கிலப் பதிவை முதலில் அனுப்புங்கள். எந்த இடத்தில் திக்குகிறதோ அந்தச் சொல்லை எடுத்துவிட்டு எளிதான ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.