மூன்று கோப்புகளை இணைத்தால் விற்பனை மொத்தம் ஏன் கூடுகிறது?

கேள்வி: மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். விற்பனை எக்செலில் இருக்கிறது, சரக்குப் பட்டியல் சிஎஸ்வி கோப்பில், வசூல் விவரம் இன்னொரு எக்செலில். எக்செலில் தரவைக் கொண்டுவந்து சீராக்கும் பவர் குவெரியில் மூன்றையும் மெர்ஜ் செய்தேன், அதாவது பொதுவான குறியீட்டையும் பில் எண்ணையும் வைத்து இணைத்தேன். பல வரிகளில் மருந்தின் பெயர் வரவில்லை. விற்பனை மொத்தமோ இருப்பதைவிட மிக அதிகமாகக் காட்டுகிறது. எங்கே தவறு?

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். பெயர் வராததை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம்.

சிஎஸ்வி கோப்பை உள்ளே கொண்டுவந்ததும் பவர் குவெரி தானாகவே ‘சேஞ்ச்டு டைப்’ என்றொரு படியைச் சேர்த்துவிடும். 00417 என்ற சரக்குக் குறியீட்டை எண் என்று எடுத்துக்கொண்டு 417 ஆக்கிவிடும். அதற்குப் பிறகு எழுத்தாக மாற்றினாலும் போன பூஜ்ஜியங்கள் திரும்பி வராது. அதனால் அந்தப் படியையே சொடுக்கி, குறியீட்டின் வகையை டெக்ஸ்ட் ஆக்குங்கள். கேட்கும்போது ‘ரீப்ளேஸ் கரண்ட்’ கொடுங்கள். அப்புறம் இரண்டு பக்கக் குறியீட்டுக்கும் ஒரு ட்ரிம் (ஓரங்களில் உள்ள வெற்றிடத்தை நீக்க), ஒரு அப்பர்கேஸ் (எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்க). எக்செலின் தேடல் சூத்திரமான வீலுக்அப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. பவர் குவெரி பார்க்கும். இதன் பிறகும் பொருந்தாமல் நிற்பவை எவை என்று அறிய ‘லெஃப்ட் ஆன்டி’ வகையில் ஒருமுறை மெர்ஜ் செய்தால், ஜோடி கிடைக்காத விற்பனை வரிகள் மட்டும் வரும்.

பொருந்தவில்லையே என்று, ஏறக்குறைய ஒத்திருப்பவற்றையும் இணைத்துவிடும் ஃபஸி மெர்ஜ் பக்கம் போய்விடாதீர்கள். பாராசிட்டமால் 500-ம் பாராசிட்டமால் 650-ம் அதன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மருந்துக் கணக்கில் அது ஆபத்து.

இப்போது மொத்தம் கூடுவதைப் பார்ப்போம். உங்கள் பில் 212-ல் நான்கு மருந்துகள், மொத்தம் 10,000 ரூபாய் என்று வையுங்கள். வாடிக்கையாளர் 6,000, 4,000 என்று இரண்டு தவணையாகக் கட்டியிருக்கிறார். பில் எண்ணை வைத்து இணைத்தால் நான்கு வரிகளில் ஒவ்வொன்றும் இரண்டு தவணைகளோடும் சேர்ந்து எட்டு வரிகளாகும். விற்பனை 20,000 ஆகும், வசூல் 40,000 ஆகும். கருவி சொன்னதைத்தான் செய்தது. விற்பனைக் கோப்பில் ஒரு வரி ஒரு மருந்து, வசூல் கோப்பில் ஒரு வரி ஒரு தவணை. அளவே வேறான இரண்டை நேராக இணைத்ததுதான் பிழை.

அதனால் இணைக்கும் முன்பே இரண்டையும் பில் அளவுக்குக் கொண்டுவாருங்கள். விற்பனை குவெரியை வலது சொடுக்கி ‘ரெஃபரன்ஸ்’ (அதையே மூலமாகக் கொண்ட புதிய குவெரி) எடுத்து, அதில் பில் எண்படி ‘குரூப் பை’ செய்து தொகையைக் கூட்டுங்கள். வசூலுக்கும் அப்படியே. இப்போது பில் 212-க்கு இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி. விற்பனையை இடப்பக்கம் வைத்து ‘லெஃப்ட் அவுட்டர்’ மெர்ஜ் செய்தால் பணம் வராத பில்லும் விடுபடாது. அந்த பில்களில் வசூல் ‘நல்’ (மதிப்பே இல்லை) என்று வரும். அதை 0 ஆக்கிய பிறகே கழியுங்கள், இல்லையென்றால் பாக்கியும் ‘நல்’ ஆகிவிடும். மருந்துவாரியான அறிக்கை தனி குவெரியாகவே இருக்கட்டும், அதில் வசூலைச் சேர்க்க வேண்டாம்.

சரக்குப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். விலை மாறியபோது 00417 பழைய விலையோடு ஒன்று, புதிய விலையோடு ஒன்று என்று இரண்டு முறை பதிவாகியிருந்தால் அங்கேயும் விற்பனை இரட்டிக்கும். ‘கீப் டூப்ளிகேட்ஸ்’ கொடுத்தால் அவை தெரிந்துவிடும். தேதிப்படி வரிசைப்படுத்திவிட்டு ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ கொடுத்தால் புதியதுதான் மிஞ்சும் என்று பலர் நம்புகிறார்கள். அதற்கு உத்தரவாதம் இல்லை. வரிசைப்படுத்திய படியை டேபிள்.பஃபர் என்ற கட்டளை கொண்டு நினைவகத்தில் நிறுத்திவைத்த பிறகு நீக்குங்கள்.

ஒவ்வொரு மெர்ஜுக்கும் முன்னும் பின்னும் ‘கவுன்ட் ரோஸ்’ பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தாலும் அடுத்த மெர்ஜுக்குப் போகாமல், வலப்பக்க அட்டவணையில் இரட்டை எங்கே என்று அங்கேயே தேடுங்கள்.