டெஸ்க்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி? கேளுங்க, சொல்றேன்

கோவை காந்திபுரத்துல கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தர்றேனுங்க. எஸ்எஸ்டின்னா ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா சிப்புல சேமிக்கற டிரைவ். அதுல சாட்டாங்கறது பெரும்பாலும் கேபிள்ல மாட்டற பழைய வகை, என்விஎம்இங்கறது பெரும்பாலும் போர்டுலயே சொருகற வேகமான வகை. ஜென் 3, 4, 5ங்கறது என்விஎம்இ ஓடற இணைப்போட தலைமுறை. கேக்கறவங்க மதர்போர்டு மாடலையும் சேத்துச் சொல்லிருங்க. அது தெரியாம எந்த டிரைவையும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஈரோடு, கல்யாண வீடியோ எடிட்டிங்: அண்ணா, பி550 போர்டு. புதுசா 1 டிபி என்விஎம்இ போட்டேனுங்க. பழைய சாட்டா எஸ்எஸ்டில இருந்து ஃபுட்டேஜ் காப்பி பண்ணினா முதல்ல செகண்டுக்கு 500 எம்பில ஓடுது, பாதிக்கு மேல 100க்கு இறங்கிருது. டூப்ளிகேட்டுங்களா?

டூப்ளிகேட்டா இருக்காது தம்பி. பெரும்பாலும் க்யூஎல்சிங்கற வகை டிரைவா இருக்கும். அதுல ஒரு செல்லுக்குள்ள 4 பிட் வைக்கணும், அதுக்கு 16 வோல்டேஜ் நிலை பிரிச்சு எழுதணும். டிஎல்சிங்கற வகைல 3 பிட், 8 நிலைதான். நிதானமா எழுதற வேலைங்கறதால, காலியா இருக்கற செல்லுல முதல்ல ஒவ்வொரு பிட்டா வேகமா எழுதி வெச்சுட்டு, ஓய்வு கிடைக்கறப்ப அடுக்கி வெக்கும். அட்டைல போட்டிருக்கற வேகம் அந்த முதல் கட்டத்தோடது. டிரைவ் நிறைய நிறைய அந்த இடம் சுருங்கிரும். நாள் பூரா ஃபுட்டேஜ் கொட்டற தொழிலுக்கு டிஎல்சி, டிராம்ங்கற வேக மெமரி சிப் உள்ளது, 2 டிபி வாங்குங்க. அஞ்சுல ஒரு பங்கு காலியா விட்டு வெய்யுங்க. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற சாஃப்ட்வேர் போட்டுச் சூட்டையும் ஒருக்கா பாத்துருங்க.

திருப்பூர், எம்பிராய்டரி டிசைன்: எச்61 போர்டு, மூணாம் தலைமுறை ஐ3. ஜென் 4 போட்டா வேகமாகுங்களா?

அந்த போர்டுல என்விஎம்இ சொருகற எம்.2 ஸ்லாட்டே இருக்காதுங்க்ணா. அடாப்டர் கார்டுல மாட்டினாலும் கம்ப்யூட்டரைத் தொடங்கி வெக்கற அந்தக் காலத்து பயாஸ் பெரும்பாலும் அதுல இருந்து பூட் ஆகாது. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும். எச்61ல இருக்கறது 3 கிகாபிட் போர்ட், அதனால செகண்டுக்கு 550 எம்பி வர்ற டிரைவ் 280க்குள்ளதான் ஓடும். இருந்தாலும் ஹார்டு டிஸ்க்ல இருந்து மாறினா வித்தியாசம் நல்லாவே தெரியும். டிசைன் ஃபைல் சின்னது, மிச்சப் பணத்துல ரேம் போடுங்க.

கரூர்: எந்தக் கம்பெனி நல்லதுங்க?

போர்டு மாடல் என்னங்க?

பொள்ளாச்சி: டிராம் இல்லாத டிரைவை யாருமே வாங்கக் கூடாதுங்க. நீங்களும் அதைச் சொல்லோணும்.

எடிட்டிங்குக்குச் சொன்னேன். எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். டிராம் இல்லாத என்விஎம்இ, கம்ப்யூட்டர் ரேம்ல ஒரு துண்டை வாங்கிக்கும், அதுக்குப் பேர் எச்எம்பி. பில் போட, படிக்க, கேமுக்கு அது தாராளம். சாட்டாவுல அந்த வசதி கிடையாது, அங்க மட்டும் உங்க பேச்சு சரி.

பொள்ளாச்சி: கரண்ட் போனா டேட்டாவைக் காப்பாத்தறது டிராம்தானுங்களே?

இல்லீங்க, இது தப்பு. கரண்ட் போனா டிராம்ல இருக்கறதும் போயிரும். எந்த ஃபைல் எந்த செல்லுல இருக்குங்கற அட்டவணைதான் அதுல முக்கியமா இருக்கும். சர்வர் டிரைவ்ல கரண்ட் போனதும் மிச்சத்தை எழுதி முடிக்கக் கெப்பாசிட்டர் வெச்சிருப்பாங்க. வீட்டு டிரைவ்ல அது இருக்காது. காப்பாத்தறது யூபிஎஸ்தான்.

நாமக்கல், லாரி ஆபீஸ்: மாசாந்தர ஷட்டவுனைத்தான் முன்னாடியே சொல்லிர்றாங்களே, யூபிஎஸ் எதுக்குங்க?

சொல்லிட்டு நிறுத்தறதுல ஆபத்தே இல்லீங்க, நீங்களே ஆஃப் பண்ணிருவீங்க. ஆடிக் காத்துல உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் கரண்ட் வெட்டி வெட்டி வருதே, அதுதான் எழுதிட்டிருக்கற டிரைவைக் கெடுக்கும். எஸ்எஸ்டிக்கு முன்னாடி யூபிஎஸ் பேட்டரியை மாத்துங்க. அதோட ஹார்டு டிஸ்க்ல ஒரு பேக்கப்.

சேலம்: ஜென் 5 வாங்கலாமுங்களா? போர்டு எச்510.

வேண்டாம். உங்க போர்டு எம்.2 ஸ்லாட் ஜென் 3, செகண்டுக்கு 3500 எம்பிக்கு மேல போகாது.

கோபி: அழிச்ச ஃபைலை எஸ்எஸ்டில இருந்து மீட்க முடியுங்களா?

அழிச்ச இடத்தைக் காலி பண்ணிக்கச் சொல்லி விண்டோஸ் ட்ரிம்ங்கற கட்டளை குடுத்துட்டா அநேகமா முடியாதுங்க. பேக்கப் வெய்யுங்கன்னு அதுக்குத்தான் சொல்றேன்.

பவானி: எந்தக் கம்பெனி நல்லதுங்க்ணா?

போர்டு மாடல். கரூர்க்காரரும் இன்னும் சொல்லலை.

காங்கேயம்: ஆன்லைன்ல 16 டிபி எஸ்எஸ்டி 2000 ரூபாய்க்கு வருது, எடுக்கட்டுங்களா?

எடுக்காதீங்க. உள்ள சின்ன மெமரி கார்டை வெச்சுட்டு 16 டிபின்னு காட்டற மோசடி அது. ஏற்கெனவே எடுத்திருந்தா நிஜ அளவைச் சோதிக்கற எச்2டெஸ்ட்டபிள்யூ சாஃப்ட்வேரை ஓட்டிப் பாத்துட்டு, ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள திருப்பி அனுப்பிருங்க.