இந்தோனேசிய இளைஞர்களின் போக்கைப் புரிந்துகொள்ள எந்த நிகழ்வைப் பார்க்கலாம்?

என்னைக் கேட்டால், 2022 ஜூலையில் ஜகார்த்தாவை ஒரு கலக்குக் கலக்கிய ‘சித்தாயம் ஃபேஷன் வீக்’ என்பேன். பெயரைப் பார்த்து ஏதோ பெரிய நிறுவனம் நடத்திய விழா என்று நினைத்துவிட வேண்டாம். அழைப்பிதழ் கிடையாது, மேடை கிடையாது. சித்தாயம், போஜோங் கெடே, டெப்போக் போன்ற புறநகர்களிலிருந்து மின்சார ரயிலில் வந்த பதின்வயதுப் பிள்ளைகள், நகரின் நடுவே டுக்கு அத்தாஸில் பாதசாரிகள் சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகளின் மேல் ஒய்யாரமாக நடந்தார்கள். எதிரே குந்தியிருந்த நண்பர்கள் கைபேசியில் படம் பிடித்தார்கள். மற்றதை டிக்டாக் பார்த்துக்கொண்டது.

ஜகார்த்தாவில் எஸ்.சி.பி.டி. (சுடிர்மான் சென்ட்ரல் பிசினஸ் டிஸ்ட்ரிக்ட்) என்றால் வானளாவிய அலுவலகங்கள் நிறைந்த பணக்கார வட்டாரம். அதே நான்கெழுத்தை இவர்கள் ‘சுடிர்மான், சித்தாயம், போஜோங் கெடே, டெப்போக்’ என்று விரித்தார்கள். குறும்புதான், ஆனால் உள்ளே ஒரு குத்தலும் இருக்கிறது.

ஏன் அந்த இடம்? ரயிலில் முதல் 25 கிலோமீட்டருக்கு 3000 ரூபியாதான், இறங்கினால் நடைபாதை. மாலில் பணமில்லாமல் எவ்வளவு நேரம் சுற்ற முடியும்? இங்கே தெர்மாஸ் பிளாஸ்க்கும் சரம் சரமாகத் தொங்கும் காப்பி பாக்கெட்டுகளுமாக சைக்கிள் வியாபாரி வருவார். ஊர் சுற்றும் ஸ்டார்பக்ஸ் என்ற கிண்டலில் அவருக்கு ‘ஸ்டார்லிங்’ என்று பட்டப்பெயர். பாக்கெட்டைக் கிழித்து, பிளாஸ்டிக் கோப்பையில் கொட்டி, வெந்நீர் ஊற்றித் தருவார். அந்த ஒரு கோப்பையோடு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கலாம், எழுந்திரு என்று சொல்ல ஆளில்லை.

கூட்டம் சேர்ந்ததும் பெரியவர்கள் வந்தார்கள். அப்போதைய ஜகார்த்தா ஆளுநர் அனீஸ் பஸ்வேடானே அங்கே நடந்து காட்டினார். நடிகர் ஒருவரின் நிறுவனம் அந்தப் பெயரை வணிக முத்திரையாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்து, கண்டனம் கிளம்பியதும் திரும்பப் பெற்றது. அதைப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. போக்குவரத்து நெரிசல், குப்பை என்ற புகார்கள் பொய்யல்ல. மாத இறுதியில் காவல்துறை அந்த ஒய்யார நடைக்குத் தடை போட்டது.

ஆனால் குறைந்த காசில் மிடுக்காக உடுத்தும் ஆசைக்குத் தடை போட முடியவில்லை. பசார் செனென் சந்தையில் வெளிநாட்டுப் பழைய துணிகளைக் கிளறித் தேர்ந்தெடுப்பது இளைஞர்களிடையே தனி மோகம். உள்ளூர் ஜவுளித் தொழிலைக் காக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் அரசு இப்படி வெளிநாட்டிலிருந்து வந்த பழைய துணி மூட்டைகளைக் கைப்பற்றி எரித்தது. அரசின் கவலை நியாயமானதே. என்றாலும், நல்ல ஜாக்கெட் ஒன்று மலிவாகக் கிடைக்கும்போது எந்தப் பதினேழு வயதுப் பிள்ளை ஜவுளித் தொழிலை நினைத்துப் பார்க்கும்?