கறுப்புச் சாவுதான் ஐரோப்பாவின் பண்ணையடிமைகளை விடுவித்ததா?

கேள்வி: "பிளேக் வந்து பாதிப் பேர் செத்ததால்தான் ஐரோப்பாவில் நிலமானிய முறை ஒழிந்தது என்று படித்தேன். இது சரியா? அப்போது திருச்சபை யார் பக்கம் நின்றது?"

படித்ததும் சுருக்கென்றது. நீங்கள் முதுகலை ஆசிரியர் பணிக்கான பிஜி டிஆர்பி தேர்வில் வரலாற்றுக்குப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வேறு யாரும் ராத்திரி பதினொரு மணிக்கு இதைக் கேட்க மாட்டார்கள். இந்த ஒரு வரியால் எனக்கு ஒரு வேலை போனது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

கேட்டதற்கு முதலில் பதில். கறுப்புச் சாவு என்று பெயர்பெற்ற அந்தப் பிளேக் பெரிய காரணம்தான். ஆனால் அது எந்தப் பண்ணையடிமைக்கும், அதாவது நிலமானிய முறையில் பிரபுவின் நிலத்தை விட்டுப் போக முடியாமல் அவருக்குக் கட்டாயமாக உழைத்த குடியானவனுக்கும், விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. திருச்சபை இரண்டு பக்கமும் நின்றது, தானே பெரிய நிலப்பிரபுவாகவும் இருந்தது.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி மையத்தில் ஐரோப்பிய வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். ஊர், பெயர் வேண்டாம். மாதிரித் தேர்வில் நான் ஒரு கூற்று–காரணக் கேள்வி வைத்தேன். கூற்று: கறுப்புச் சாவுக்குப் பின் ஐரோப்பா முழுவதும் பண்ணையடிமை முறை ஒழிந்தது. காரணம்: பிளேக்கால் உழைக்க ஆள் கிடைக்கவில்லை. என் விடை: கூற்று தவறு, காரணம் சரி. நூற்றிருபது பேரில் பதினோரு பேர்தான் அதைப் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் கையில் கைடு புத்தகத்தோடு அலுவலகத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த விடை ஏன் சரி என்று இப்போதும் சொல்வேன். 1347 இலையுதிர் காலத்தில் சிசிலியின் மெசினா துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த நோய் 1348 கோடையில் இங்கிலாந்தைத் தொட்டது. மூன்றில் ஒருவராவது செத்தார்கள், பாதிப் பேர் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். ஆள் குறைந்ததும் கூலி ஏறியது. கைடு புத்தகம் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடும். நிலம் வைத்திருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களா என்ன? இங்கிலாந்தில் 1349-இல் அரசாணை, 1351-இல் நாடாளுமன்றச் சட்டம். பிளேக்குக்கு முன்னால், 1346 வாக்கில், என்ன கூலியோ அதற்குமேல் கேட்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது, வேலைக்கு வர மறுத்தால் சிறை. கிழக்கே போனால் கதை நேர்மாறு. அதே நோய் மாஸ்கோவையும் அடித்தது. அங்கே ஆண்ட சிமியோனே 1353-இல் அதில்தான் இறந்தார். ஆனால் ரஷ்ய விவசாயியை நிலத்தோடு சேர்த்துக் கட்டிப்போடும் சட்டம் 1649-இல் முழுமையானது. அவிழ்த்துவிட 1861 ஆயிற்று. ஒரே நோய் இங்கே கட்டை அவிழ்த்தது, அங்கே ஒன்றும் அவிழ்க்கவில்லை என்றால், நோயை மட்டும் காட்டிப் பதில் எழுத முடியுமா?

இதை வகுப்பில் சொன்னால் கொட்டாவிதான் வந்தது. அதனால் செயின்ட் ஆல்பன்ஸ் கதையை எடுத்தேன். அதுதான் வினை.

லண்டனுக்கு வடக்கே உள்ள ஊர் அது. ஊரே ஒரு பெனடிக்ட் சபை மடத்துக்குச் சொந்தம். மக்கள் தங்கள் தானியத்தை மடத்தின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அதில் ஒரு பங்கை அரைகூலியாக விட்டுவிட்டு வர வேண்டும். மக்களோ வீட்டில் திருகை வைத்துத் தாங்களே அரைத்துக்கொண்டார்கள். தலைமுறைக் கணக்கில் வழக்கு நடந்தது. 1327 முதல் 1336 வரை மடாதிபதியாக இருந்த வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு வென்றார். சாதாரண ஆள் இல்லை. கொல்லர் மகன், கணிதம் படித்தவர், வானியல் கடிகாரம் ஒன்றை வடிவமைத்தவர். அவ்வளவு மூளை உள்ளவர் செய்த வேலையைப் பாருங்கள். வீடு வீடாகத் திருகைக் கற்களைப் பறித்து, மடத்துக் கூடத்தில் தளமாகப் பாவிவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவற்றின்மேல் மிதித்து நடந்தார்கள்.

மாணவர்களில் பாதிப் பேர் திருகையையே பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் பாட்டி வீட்டிலிருந்து மேல்கல்லை மட்டும் கட்டைப்பையில் போட்டு ஆட்டோவில் கொண்டுபோனேன். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த இயக்குநர் பையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

ஐம்பது வருடம் அந்தக் கற்கள் அங்கேயே கிடந்தன. 1381-இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட தலைக்கு ஒரு ஷில்லிங் வரி வசூலிக்கப் போனபோது லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸில் கலகத் தீ பிடித்தது. வாட் டைலரும் ஜான் பால் என்ற பாதிரியாரும் முன்னால் நிற்க, கூட்டம் லண்டனுக்குள் நுழைந்தது. ஜூன் 14 அன்று லண்டனை ஒட்டிய மைல் எண்டில், பதினாலே வயதான மன்னர் இரண்டாம் ரிச்சர்டு, இனி பண்ணையடிமை கிடையாது, ஏக்கருக்கு நாலு பென்ஸ்தான் குத்தகை என்று வாக்குக் கொடுத்தார். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் டைலரை வெட்டினார்கள். அதே நாட்களில் செயின்ட் ஆல்பன்ஸில் வில்லியம் கிரிண்ட்கோப் என்பவர் தலைமையில் ஊர்க்காரர்கள் மடத்துக்குள் போய்க் கற்களைப் பெயர்த்தார்கள். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. துண்டு துண்டாக உடைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மந்திரித்த அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பதுபோல ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். எழுதிவைத்தவர் அந்த மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்கம். கலகக்காரர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது.

இதைச் சொல்லி முடித்தபோது வகுப்பில் ஒருத்தரும் கொட்டாவி விடவில்லை. அது எனக்குப் போதும்.

திருச்சபை பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் அந்தக் கல்லிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஜெபிப்பவர், போரிடுபவர், உழைப்பவர் என்று சமூகத்தை மூன்றாகப் பிரித்து அது கடவுள் வகுத்தது என்று பதினொன்றாம் நூற்றாண்டில் எழுதியவர் பிரான்சின் லான் நகர ஆயர் அடால்பெரோ. "ஆதாம் மண் வெட்ட ஏவாள் நூல் நூற்றபோது கனவான் யார்?" என்று அதே பைபிளை வைத்துக் கேட்டவர் ஜான் பால். மைல் எண்டில் மன்னர் பேசிய அன்றே கூட்டம் லண்டன் கோபுரக் கோட்டையில் பிடித்துத் தலையை வெட்டியது கேன்டர்பரி பேராயர் சட்பரியை. அவர்தான் நாட்டின் சான்சலரும், அதாவது மன்னரின் முதன்மை அமைச்சரும். குடியானவன் செத்தால் அவன் மாடுகளில் சிறந்தது நிலப்பிரபுவுக்கு, அடுத்தது பங்குக் கோயிலுக்கு என்பது பல ஊர்களில் வழக்கம். செயின்ட் ஆல்பன்ஸ் போன்ற இடத்தில் நிலப்பிரபுவே மடம்தான். ஆனாலும் கல்லை உடைத்தவர்களுக்குக் கோபத்தைக் காட்டக் கிடைத்த சடங்கு கோயில் சடங்கே. அவர்கள் மதத்தை விட்டு வெளியே போகவில்லை.

கிறிஸ்தவத்தைத் தாக்குகிறாள் என்று இப்போது யாராவது எழுதுவார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்ததே கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில்தான், அவர்கள் சொல்லிக் கொடுத்த ஒழுங்கில்தான் இன்றைக்கும் நோட்ஸ் எழுதுகிறேன். இவள் கம்யூனிஸ்ட் என்று இன்னொருவர் வருவார். வந்துவிட்டுப் போகட்டும்.

கலகம் தோற்றது. வாக்குறுதிகளை ஜூலையிலேயே மன்னர் ரத்து செய்தார். கிரிண்ட்கோபைத் தூக்கிலிட்டார்கள், ஜான் பாலை அதே செயின்ட் ஆல்பன்ஸில் ஜூலை 15 அன்று கொன்றார்கள். இங்கிலாந்தில் பண்ணையடிமை முறையை ஒழிக்கிறோம் என்று ஒரு சட்டம் வரவே இல்லை. அது தேய்ந்தது. தரிசாகக் கிடந்த நிலத்துக்கு ஆள் வேண்டும், பக்கத்துப் பண்ணையில் நல்ல கூலி என்றால் குடியானவன் ராவோடு ராவாகக் கிளம்பிவிடுவான். பிரபுக்கள் சொந்தப் பயிரை விட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள், கட்டாய உழைப்புக்குப் பதில் பணம் வாங்கினார்கள். பண்ணை நீதிமன்றப் பதிவேட்டின் நகலைக் கையில் வைத்திருப்பதே குடியானவனின் உரிமையானது. அந்த நகல் உரிமை 1926 வரை சட்டத்தில் இருந்தது! அரச நிலங்களில் மிச்சமிருந்த அடிமைகளைப் பணம் வாங்கிக்கொண்டு விடுவிக்க முதலாம் எலிசபெத் 1574-இல் ஆணை போட்டார். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தை அதற்கு முன்பே, 1539-இல், எட்டாம் ஹென்றி மூடிவிட்டார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இயக்குநர் கூப்பிட்டு, "மேடம், ஒரு கல்லுக்கு மூணு கிளாஸா? போர்ஷன் யார் முடிப்பா?" என்றார். அதில் நியாயம் இருந்தது. அந்த அலகுக்கு ஒதுக்கியது ஒரே வகுப்பு. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. என்னைக் கேட்காமலே விடையை மாற்றி, என் கேள்வியில் "அச்சுப்பிழை" என்று மாணவர்கள் குழுவில் போட்டார். சண்டை போட்டேன். அடுத்த மாத அட்டவணையில் என் பெயர் இல்லை. கடைசி மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை, இனி வரவும் போவதில்லை. அட்டவணையில் பெயர் இல்லாததைக்கூட மறந்துவிட்டேன், அந்த "அச்சுப்பிழை"யை மறக்க முடியவில்லை.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், கேட்காத விஷயம்தான். ஒரு புத்தகத்தில் நிலமானிய முறை, இன்னொன்றில் நிலப்பிரபுத்துவம், மூன்றாவதில் பிரபுத்துவம். இவை மூன்று தனித்தனி அமைப்புகள் என்று நினைத்து மூன்றுக்கும் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்த பெண்ணை எனக்குத் தெரியும். எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொன்னதும் அழுதுவிட்டாள்.

தேர்வுக்குத்தான் கேட்கிறீர்கள் என்றால், சிலுவைப் போர், பிளேக், நகரங்களின் வளர்ச்சி, கடைசியில் "மேற்கண்ட அனைத்தும்" என்று வரும். யோசிக்காமல் அதைப் போட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம், என் அந்தக் கால நோட்ஸை யாரோ பிடிஎஃப் ஆக்கி 199 ரூபாய்க்கு விற்கிறார்கள். முதல் பக்கத்தில் வேறொருவர் பெயர். என்னுடையது என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? கலகத்தின்போது மன்னருக்கு வயது 16 என்று நான் ஒருமுறை தவறாக எழுதி, அடுத்த வகுப்பிலேயே வாயால் திருத்தினேன். அதில் இன்னும் 16 என்றே இருக்கிறது. வாங்கியிருந்தால் 14 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.