நடுநிலைப் பள்ளியின் தரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். உரக்கடையில் கணக்கெழுதும் வேலை. என் மகள் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பை முடிக்கிறாள். எங்கள் ஊரில் இருப்பது தொடக்கப் பள்ளி. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊரில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இருக்கிறது. நகரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளி இருக்கிறது, அதன் வேன் வாசலுக்கே வருகிறது. மனைவியின் வீட்டார் மெட்ரிக் பள்ளிதான் என்று உறுதியாக நிற்கிறார்கள். நண்பர்களோ, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் ‘புதுமைப் பெண்’ உதவித்தொகையும் கிடைக்கும் என்கிறார்கள். அந்த நடுநிலைப் பள்ளியை நேரில் போய்ப் பார்த்தேன். புதிதாக வண்ணம் பூசியிருக்கிறார்கள், திறன்மிகு வகுப்பறை இருக்கிறது, தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில் நான்கு பேர் வென்றதாகப் பதாகை கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அது நல்ல பள்ளியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பு என்றால் தேர்ச்சி விழுக்காடு இருக்கிறது. எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் ஒரு பள்ளியை எங்களைப் போன்ற பெற்றோர் எதைக் கொண்டு மதிப்பிடுவது?

செ.

அன்புள்ள செ.,

உங்கள் கேள்வியை நம் ஊர்களில் மிகச் சிலரே கேட்கிறார்கள். தொடக்க வகுப்புகளுக்கு, அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 முதல் இருக்கிறது, அதைப் பற்றி அரசும் பேசுகிறது, ஆசிரியர்களும் பேசுகிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருப்பதால் ஊரே அதைக் கவனிக்கிறது. இடையில் உள்ள ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று ஆண்டுகளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு உண்டு என்று 2019இல் அறிவித்த மாநில அரசு, 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தோல்வி என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்புவதால் எந்தப் பள்ளியும் திருந்தப் போவதில்லை. ஆனால், தேர்வு இல்லாத இடத்தில் பார்க்கும் பொறுப்பு பெற்றோருக்கு வந்து சேர்கிறது என்பதை நாம் உணர்ந்துகொள்ளவில்லை.

பதாகையிலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தேர்வை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். மனத்திறனில் 90 வினாக்கள், பாடத்தில் 90 வினாக்கள். தமிழ்நாட்டுக்கான ஒதுக்கீடு 6,695 இடங்கள். வென்ற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அந்தப் பணம் பெரிய ஆதரவு. அதற்காக மாலையிலும் சனிக்கிழமையிலும் உட்கார்ந்து பயிற்சி தரும் ஆசிரியர்கள் எந்தக் கூடுதல் ஊதியமும் பெறாமல் அதைச் செய்கிறார்கள் என்பதையும் நான் அறிவேன். அவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் அந்த நான்கு பேரைக் கொண்டு பள்ளியை அளக்காதீர்கள். எட்டாம் வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள், அந்த நால்வருக்குப் பயிற்சி நடந்தபோது மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள். வகுப்பு முழுவதையும் அந்த வினாக்களோடு மோதவிட்டு அதிலிருந்து நான்கு பேர் வென்றார்கள் என்றால் அது நல்ல பள்ளியின் அடையாளம். நால்வரை மட்டும் பிரித்தெடுத்துத் தயாரித்தார்கள் என்றால், பதாகை அந்த நால்வரைப் பற்றிச் சொல்கிறதே தவிரப் பள்ளியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கட்டடம், வண்ணம், திரை ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, இருப்பது நல்லது. கழிப்பறை மட்டும் விதிவிலக்கு. உங்கள் மகள் அந்தப் பள்ளியில் படிக்கப்போவது பதினொன்று முதல் பதினான்கு வயது வரை. பூப்பெய்தும் வயது அது. காலை இடைவேளையில் பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் விழுகிறதா என்று உங்கள் மனைவியைப் பார்த்துவரச் சொல்லுங்கள். அங்கே போக முடியாத பிள்ளை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும், மாதத்தில் சில நாள் பள்ளிக்கே வராது. அந்த நாள்களில் நடந்த கணக்கு அதற்குக் கடைசி வரை புரியாமலே போகும்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். பள்ளிக்கு எத்தனை வகுப்பறை, எத்தனை ஆசிரியர் என்ற விவரங்களை ஒன்றிய அரசின் ‘யுடைஸ் பிளஸ்’ தளத்தில் பார்க்கலாம். பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. தேசிய அடைவு ஆய்வும், பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் ‘அசர்’ ஆய்வும் மாதிரிக் கணக்கெடுப்புகள். மாநிலமும் மாவட்டமும் எப்படி இருக்கின்றன என்று காட்டவே அவை உதவும், உங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளியை அவற்றால் எடைபோட முடியாது. ஆனால் ‘அசர்’ ஆய்வாளர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் முக்கியமாகக் கேட்பவை இரண்டு: இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதையை வாசிப்பது, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலரும் இதில் தடுமாறுவதை அவர்களின் அறிக்கைகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. இந்த இரண்டையும் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

நான் எங்கள் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருந்திருக்கிறேன். அங்கே ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை, ஆண்டுத் தொடக்கத்தில் 742ஐ 7ஆல் வகுக்கச் சொல்லி எல்லோருக்கும் ஒரு கணக்கு கொடுத்தார். வகுப்பில் கணிசமானவர்கள் 16 என்று எழுதியிருந்தார்கள். முதல் 7இல் ஒரு முறை போகிறது, அடுத்த 4இல் 7 போகாது, அதனால் ஈவில் ஒரு பூச்சியம் போட வேண்டும், பிறகு 42இல் ஆறு முறை. அந்தப் பூச்சியத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகள் நேராக 42க்குத் தாவியிருந்தார்கள். அந்த ஆசிரியை ‘தப்பு’ என்று சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டு நகரவில்லை. நூறு, பத்து, ஒன்று என்ற இடமதிப்பே அந்தப் பிள்ளைகளிடம் சரியாகப் பதியவில்லை என்று கண்டுகொண்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர்கள் பெயர்களை எழுதி, யாருக்கு எது வரவில்லை என்று குறித்துவைத்திருந்தார். பத்து ரூபாய்த் தாள், நூறு ரூபாய்த் தாள் என்று காகிதத்தில் வெட்டி, ஏழு பேருக்குப் பங்கு பிரிக்கச் சொல்லி, முதல் பருவத்தின் பெரும்பகுதியை அதற்கே செலவிட்டார். பாடத்திட்டம் பின்தங்குகிறது என்று அவரை மேலிருந்து கேட்டார்கள். அவர் அசையவில்லை. அந்த வகுப்புதான் பிறகு தனிவட்டியைத் தயக்கமில்லாமல் போட்டது. எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டியும் அவர்களுக்கு எட்டியது.

நான் உங்களுக்குத் தரும் அளவுகோல் இதுதான்: வாசிக்கவும் வகுக்கவும் தெரியாமல் ஆறாம் வகுப்புக்கு வந்து சேரும் பிள்ளையை அந்தப் பள்ளி என்ன செய்கிறது? நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்புக்குச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிலையில் இருப்பார்கள். வீட்டில் படிப்பைக் கவனிக்க ஆள் இருக்கும் பிள்ளை எங்கே போட்டாலும் ஓரளவு தேறிவிடும், அதன் தேர்ச்சியில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பின்தங்கி வந்த பிள்ளை இரண்டு ஆண்டுகளில் ஒரு பக்கத்தைத் தானாக வாசித்துப் பொருள் சொல்கிறது என்றால், அது முழுக்க அந்த ஆசிரியர்களின் உழைப்பு. அரசு 2025இல் ஆறு முதல் ஒன்பது வகுப்புகளுக்குக் கொண்டுவந்த ‘திறன்’ திட்டமும் இந்தப் பிள்ளைகளுக்கானதுதான். அங்கே அது எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். தலைமை ஆசிரியர் திட்டத்தின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறாரா, பிள்ளைகளின் பெயர்களைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். என் மகளுக்குப் படிப்பு நன்றாகவே வரும்போது கடைசி வரிசையை ஏன் பார்க்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். யாருக்கு எது புரியவில்லை என்று தேடிப் பார்க்கும் ஆசிரியர், நன்றாகப் படிக்கும் பிள்ளை தேங்கும் இடத்தையும் கண்டுகொள்வார். முதல் ஐந்து பேரை மட்டும் பார்த்துப் பாடம் நடத்துபவருக்கு அந்தப் பழக்கமே இருக்காது.

இதைப் பார்ப்பதற்கு வகுப்பறைக்குள் உட்கார வேண்டியதில்லை. அந்தப் பள்ளியில் படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களின் தமிழ்க் கட்டுரை நோட்டுகள் மூன்றை வாங்கிப் பாருங்கள். மூன்று நோட்டுகளிலும் ஒரே கட்டுரை எழுத்துப் பிசகாமல் இருந்தால் அது கரும்பலகையைப் பார்த்து எழுதியது, அல்லது உரைநூலிலிருந்து எழுதியது. ‘எங்கள் ஊர்க் குளம்’ என்று தலைப்பிட்டு, உள்ளே பத்து இடத்தில் ‘குலம்’ என்று எழுதியிருக்க, பக்கத்தின் குறுக்கே ஒரு பெரிய சரிக்குறியும் தேதியும் கையொப்பமும் இருந்தால் யாரும் அதைப் படிக்கவில்லை என்று பொருள். கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளை தன் சொந்த வாக்கியத்தை எழுதி, ஆசிரியர் பிழைக்கு அடிக்கோடிட்டு, அடுத்த பக்கத்தில் பிள்ளை அதைத் திருத்தி எழுதியிருந்தால் அந்தப் பள்ளியில் பாடம் நடக்கிறது. நோட்டைப் போல உண்மை பேசும் ஆவணம் ஒரு பள்ளியில் வேறில்லை என்பது என் எண்ணம்.

அடுத்ததாக, ஆறு முதல் எட்டு வரை கணக்கை யார் எடுக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், இந்த வகுப்புகளுக்குக் கணிதம் மற்றும் அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் என்று குறைந்தது மூன்று ஆசிரியர்களையும், 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தையும் வகுத்திருக்கிறது. கணிதமும் அறிவியலும் ஒருவர் தலையிலேயே விழுவதால், அறிவியல் பட்டதாரி கணக்கு எடுப்பதும் கணிதப் பட்டதாரி அறிவியல் எடுப்பதும் சிறிய பள்ளிகளில் இயல்பாக நடக்கிறது. அந்த ஒருவரும் மாறுதல் கலந்தாய்விலோ, உபரி ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு மாற்றும் பணிநிரவலிலோ போய்விட்டால் இரண்டு பாடங்களும் சேர்ந்தே படுத்துவிடும். ஆகவே காலிப்பணியிடம் இருக்கிறதா, எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்பது மிக அவசியம். ஆசிரியர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். பெரும்பாலான நடுநிலைப் பள்ளிகளில் எழுத்தர் கிடையாது. வருகைப் பதிவு, பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ தகவல் தளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், விலையில்லாப் பொருள்களின் கணக்கு எல்லாவற்றையும் பாடம் நடத்த வேண்டியவர்களே பார்க்கிறார்கள். ஓர் ஆசிரியர் வகுப்பில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று யாராவது சொன்னால், அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் விசாரித்துவிட்டே முடிவுக்கு வாருங்கள்.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பை முடித்தவர்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள் என்பது கடைசிக் கேள்வி. நடுநிலைப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கி உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். பையன் பட்டறைக்குப் போகிறான், பெண் வீட்டில் நின்றுவிடுகிறாள். நல்ல தலைமை ஆசிரியரால் ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது என்று சொல்ல முடியும். ஒரு பிள்ளை சேரவில்லை என்றால் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசியும் இருப்பார்.

இதே கேள்விகளை மெட்ரிக் பள்ளியிலும் கேளுங்கள். அவர்களுக்கும் எட்டாம் வகுப்புக்கு எந்தப் பொதுத்தேர்வும் இல்லை. பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டினால், ஏழாம் வகுப்பு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். பின்தங்கும் பிள்ளையை என்ன செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு, தனிப்பயிற்சிக்கு அனுப்பச் சொல்கிறோம் என்று பதில் வந்தால் அந்தப் பதிலே போதும். வேன் வாசலுக்கு வருவது வசதிதான். ஆனால் போகவர நாளில் எவ்வளவு நேரம் அதில் கழியும் என்று கணக்கிட்டு, அந்த நேரத்தில் உங்கள் மகள் படிக்கவும் விளையாடவும் தூங்கவும் முடியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நண்பர்கள் சொன்ன சலுகைகள் உண்மை. மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இலும், கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ 2022இலும் வந்தன. இரண்டும் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்ததைக் கணக்கில் கொள்கின்றன. அவற்றை வேண்டாமென்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அவை பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு வருபவை. அதுவரை அந்தப் பிள்ளை கற்க வேண்டியதை எந்த ஒதுக்கீடும் கற்றுத் தராது.

ஆண்டுவிழா நாளில் போகாமல் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, நீங்களும் மனைவியும் சேர்ந்தே போங்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரியைப் போலக் கேள்வி கேட்காதீர்கள், உங்கள் மகளை ஒப்படைக்க நினைக்கும் பெற்றோராகக் கேளுங்கள். கணக்குக்கு ஆள் இருந்து, நோட்டுகள் படிக்கப்பட்டிருந்து, பின்தங்கிய பிள்ளைகளின் பெயர்கள் ஆசிரியர்களுக்குத் தெரிந்திருந்தால், உறவினர்கள் என்ன சொன்னாலும் அங்கேயே சேருங்கள். பிள்ளைகளின் பெயரே தெரியாத பள்ளி என்றால், அரசுப் பள்ளி என்ற பற்றுக்காக மகளை அங்கே சேர்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது. வேறோர் அரசு அல்லது உதவிபெறும் பள்ளி பேருந்து போகும் தூரத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். மற்ற எல்லாம் சரியாக இருந்து கணக்கு ஆசிரியர் பணியிடம் மட்டும் காலியாக இருந்தால் தயங்க வேண்டாம். சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும். மகளைச் சேர்த்ததும் அதன் கூட்டத்துக்குப் போய், பணியிடத்தை நிரப்பக் கோரி ஒரு தீர்மானம் போடச் சொல்லி, அதன் நகலை நீங்களே வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்புடன்.