கூதிர்காலத்துக் கரடு

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். வயது 31. விடுமுறை என்றால் மலை ஏறப் போய்விடுவேன். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, இராயக்கோட்டை, தீர்த்தமலை, வத்தல்மலை என்று இந்தப் பக்கத்தில் நான் ஏறாத மலை குறைவு. உச்சியில் நின்று நாலாபுறமும் பார்க்கும்போது ஒரு வாரத்துக் களைப்பும் போய்விடும். ஆனால் புரட்டாசி முடிந்ததிலிருந்து ஒரே மூட்டம், விடாத தூறல். மூன்று ஞாயிறுகளாக அறையிலேயே கிடக்கிறேன். கைப்பேசியைப் பார்க்கிறேன், தூங்குகிறேன், எழுந்தாலும் சோர்வு தீரவில்லை. குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்து வெளிச்சக் குறைவால் மனச்சோர்வு வருமாமே, எனக்கும் அதுதானா? போன வாரம் பொறுக்க முடியாமல் விடியற்காலை ஐந்தரைக்குத் தனியாக ஜவளகிரிப் பக்கம் பைக்கில் போய், வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டோரமாக நடந்தேன். பனிமூட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை, திரும்பிவிட்டேன். மழைக்கு எந்த ஜாக்கெட், எந்த ஷூ வாங்கலாம்? இந்த இரண்டு மாதங்களை எப்படித்தான் கடத்துவது?

ச., ஓசூர்

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை வாசித்தபோது என் கால் விரலிடுக்கில் சேறு இன்னும் காயவில்லை. பாலக்கோட்டுக்கு வெளியே எங்கள் ஊர்க் கரட்டுக்கு, அந்தச் சின்னப் பாறைக் குன்றுக்கு, அன்று காலைதான் போய் வந்திருந்தேன். என் அத்தை இறந்து இந்த ஐப்பசியோடு ஒன்பது வருடமாகிறது. அவள் ஆடு மேய்த்த கரடு அது. இரண்டு நாட்களாக அவள் நினைப்பாகவே இருந்தது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உங்களைத் திட்ட வேண்டும் தம்பி. ஐப்பசியில், விடிவதற்கு முன், பனிமூட்டத்தில், தனியாக, ஜவளகிரிக் காட்டோரம். இந்த ஐந்தையும் ஒன்றாகச் சேர்க்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? இந்தப் பருவத்தில்தான் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வருகின்றன. இங்கே ராகி கதிர் பிடிக்கும் நேரம். இரவெல்லாம் ராகிக் கொல்லையில் மேய்ந்துவிட்டு விடியும் வேளையில் காட்டுக்குத் திரும்பும். நீங்கள் வண்டியை நிறுத்திய நேரமும் இடமும் அவை திரும்பும் நேரமும் இடமும்தான். மூட்டத்துக்குள் நிற்கும் யானை கண்ணுக்குத் தெரியாது, நடந்தால் காலடிச் சத்தமும் கேட்காது. அந்த ஊர்களில் பரண் மேல் உட்கார்ந்து, தகர டப்பாவைத் தட்டி, கண் விழித்துக் காவல் காக்கிற விவசாயியே இருட்டில் கீழே இறங்க யோசிப்பார். நீங்கள் அங்கே பொழுதுபோக்க நடந்திருக்கிறீர்கள். வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டாவது போனீர்களா? இனி அப்படிப் போகவே கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைப்பது சட்டப்படியும் தவறு.

இன்னொன்று, ஓடைகள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு, டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் பக்கத்து ஆண்டு மழையில் பாதிக்குக் குறையாது அது. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை வெள்ளம் காகிதம் போல இழுத்துக்கொண்டு போயிற்று. முழங்கால் ஆழம்தானே என்று ஓடையில் இறங்காதீர்கள்.

ஜாக்கெட், ஷூ விஷயத்தில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், நனைந்தாலும் சூடு தருவது கம்பளிதான். மற்றதைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

மனச்சோர்வு பற்றிக் கேட்டீர்கள். பருவகால மனச்சோர்வு என்று ஒன்று இருப்பது உண்மை. 1984-இல் நார்மன் ரோசன்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் அதை விவரித்து எழுதினார்கள். ஆனால் ஸ்டாக்ஹோமில் மார்கழிப் பகல் 6 மணி நேரம்தான். ஓசூரில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல். வெளிச்சம் உங்களை விட்டு எங்கும் போய்விடவில்லை, நீங்கள்தான் அதை விட்டு அறைக்குள் போயிருக்கிறீர்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளப்பார்கள். டியூப்லைட் எரியும் அறையில் 300 லக்ஸ் வெளிச்சம் இருந்தாலே அதிகம். தூறல் விழும் பகலில்கூட வெட்டவெளியில் சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றலாம், உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியும். அதுவும் நீங்கள் ஷிஃப்ட் மாறி மாறித் தூங்குகிறவர். ஒன்று மட்டும் அண்ணன் போலச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் என் பதிலை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. கடிதத்தில் நீங்கள் சொல்லும் மலைகளை எல்லாம் மறுபடி பாருங்கள். ஒவ்வொன்றிலும் நீங்கள் உச்சியில்தான் நிற்கிறீர்கள். மலைக்கோட்டையிலிருந்து அணை தெரியும், இராயக்கோட்டையிலிருந்து ரயில் பாதை தெரியும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது, உடனே மலையே இல்லை என்று ஆகிவிடுகிறது. ஜவளகிரியிலும் “ஒன்றுமே தெரியவில்லை” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். காட்சி பார்க்கப் போகிறவனுக்கு மேகம் இடைஞ்சல். வேலையாகப் போகிறவனுக்கு அது வெறும் மேகம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன், ஏனென்றால் மலை ஏறும் பிள்ளைகள் எல்லோரிடமும் இதே குறையைப் பார்க்கிறேன். மலையை மாடிப்படியாக வைத்துக்கொண்டு ஏறுகிறீர்கள். மேலே போய்ச் சேர்வதற்குள் எத்தனை ஆயிரம் அடி பாறையைக் கண்ணெடுத்துப் பார்க்காமல் கடந்தீர்கள் என்று கணக்குப் போட்டதுண்டா?

என் அத்தைக்கு இருபத்து மூன்று வெள்ளாடுகள். அவளுக்கு மழை பிடிக்காது. மண்வாசனையை ரசித்தாள் என்று கதை கட்ட மாட்டேன். அடைமழை பிடித்தால் வாய்விட்டுத் திட்டுவாள். ஈரப் புல்லைத் தின்றால் ஆட்டுக்குக் கழியும். சேற்றிலேயே நின்றால் குளம்பு அழுகும். குட்டிகளுக்குச் சளி பிடித்து இரண்டே நாளில் போய்விடும். ஆனாலும் ஆடு பட்டினி கிடக்க முடியாது என்பதால் தூறல் சற்று ஓய்ந்தால் கிளம்பிவிடுவாள். கோணிச்சாக்கின் அடிமூலை ஒன்றை உள்ளே தள்ளி மற்ற மூலைக்குள் பொருத்தினால் கூம்பாக ஒரு முக்காடு வரும். அதைத் தலையில் கவிழ்த்தால் முதுகு முழுக்க மூடும். அதுதான் கொங்காணி. சணல் சாக்கு நனைந்து பாரமாகிவிடும், தோள் இறங்கிப்போகும். பிற்பாடு யூரியா சாக்கு வந்தபோது அவள் பட்ட சந்தோஷத்தை நான் நேரில் பார்த்தவன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருந்தார்கள். விளையாட வழியில்லை என்று திண்ணையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒரு சாக்கை மடித்துக் கவிழ்த்து இழுத்துக்கொண்டு போனாள். கரட்டுச் சரிவில் ஓரிடத்தில் ஆடுகளைச் சட்டென்று வளைத்துத் திருப்பினாள். ஏன் என்று கேட்டேன். குனிந்து காட்டினாள். பாறையும் மண்ணும் சேரும் விளிம்பில் நீர் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கசிவில் ஒரு ரூபாய்க் காசளவு சிவப்புச் செடிகள், தரையோடு தரையாக, வட்டம் வட்டமாக. ஒவ்வோர் இலையைச் சுற்றியும் மயிரிழைகள், ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரு துளி. மழைத்துளி என்று நினைத்து விரலால் தொட்டேன். பசை. விரலை எடுத்தபோது நூல் போல இழுபட்டு வந்தது. கொசுவைவிடச் சிறிய பூச்சி ஒன்று ஓர் இலையில் ஒட்டிக்கொண்டு துடித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இழைகள் அதன் மேல் மெல்ல வளைந்தன.

“அழுகண்ணி. இது இருக்கும் இடத்தில் நீர் கசியும், பாறை வழுக்கும். ஆட்டை விடக் கூடாது” என்றாள். அவ்வளவுதான். அடுத்த ஆட்டை விரட்டப் போய்விட்டாள். நான் அங்கேயே குந்தியிருந்தேன். பள்ளிக்கூடம், விளையாட்டு எதுவும் நினைவில் இல்லை. பூச்சி தின்னும் செடி என்பது எனக்கு அதிசயம், அவளுக்கு வழுக்கும் இடத்தின் அடையாளம். அவள் வேலையாகப் போனதால் அதைப் பார்த்து வைத்திருந்தாள். மாலையில் பட்டிக்குத் திரும்பியதும் ஒவ்வோர் ஆட்டின் காலையும் மடியில் தூக்கி வைத்து, குளம்பிடுக்கில் சேற்றைக் குச்சியால் நெம்பி எடுத்து, வேப்பெண்ணெய் தடவினாள். இருபத்து மூன்று ஆடுகள், தொண்ணூற்று இரண்டு கால்கள். அரிக்கேன் விளக்கை நான் பிடித்திருந்தேன்.

ஒருமுறை அவளிடம், கரட்டின் உச்சியில் நின்றால் என்ன தெரியும் என்று கேட்டேன். “ஆடு எங்கே போயிற்று என்று தெரியும்” என்றாள்.

அழுகண்ணியைப் பங்குனி, சித்திரையில் தேடிப் போனால் அந்த இடத்தில் சூடான சரளைக்கல்தான் இருக்கும். நம் கரடுகள் ஆண்டில் பாதிக்கு மேல் வெந்து கிடப்பவை. ஆடிக்குப் பிறகு தொடங்கி மார்கழி வரைதான் அந்தப் பாறைக்குள் உயிர் ஓடுகிறது. செம்மண்ணில் தம்பலப்பூச்சி ஊர்ந்து மறைகிறது. சுனையில் தலைப்பிரட்டைகள் வால் சுருங்கித் தவளையாகின்றன. காந்தள் இலை நுனியையே கையாக நீட்டிப் பக்கத்துப் புதரைப் பற்றி ஏறுகிறது. அதன் பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நுனியில் தீப்பிடித்தது போலச் சிவக்கும். கார்த்திகைப் பூ என்று பெயரே இருக்கிறது. நீங்கள் தை பிறக்கட்டும் என்று அறையில் படுத்திருந்தால் எழுந்து வரும்போது காயும் கொடியும்தான் மிஞ்சியிருக்கும். கிழங்கைத் தோண்டி வாயில் மட்டும் வைத்துவிடாதீர்கள், கொடிய விஷம்.

இலையுதிர்காலம் என்ற சொல்லை நீங்கள் எங்கிருந்தோ எடுத்து வந்திருக்கிறீர்கள். ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் நம்மிடம் கூதிர் என்று சொந்தப் பெயர் உண்டு. தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்கு, அதாவது மலைக்கு, எந்தப் பெரும்பொழுதை உரியதாக்கியது தெரியுமா? கூதிரைத்தான். முன்பனியையும் சேர்த்துக்கொண்டது. உங்களுக்கு மலைக்கு ஆகாத காலமாகத் தெரிகிற அதே இரண்டு மாதங்களை மலைக்கே உரிய காலமாக எழுதி வைத்தார்கள். எனக்குத் தமிழில் பிடித்த விஷயங்களில் இது ஒன்று. இதைப் பேசத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும், விடுகிறேன்.

எப்படிக் கடத்துவது என்றீர்கள். கடத்த வேண்டாம். ஒரே ஒரு கரட்டை எடுத்துக்கொள்ளுங்கள், யானை வராத, ஊரை ஒட்டிய சின்னக் கரடு. அங்கே உங்களுக்கு ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுனையில் குச்சியை நட்டு வாரா வாரம் நீர் எத்தனை விரல்கடை ஏறியது, இறங்கியது என்று குறித்து வையுங்கள். இல்லையென்றால் ஒரு காந்தள் கொடியின் முதல் மொட்டு என்றைக்கு விரிந்தது, என்றைக்குச் சிவந்தது என்று எழுதுங்கள். அதைப் பார்க்க மட்டும் போய், பார்த்ததும் திரும்பி வாருங்கள். உச்சிக்குப் போக வேண்டியதில்லை. கறுத்த பாசிக்கோடு ஓடும் பாறையில் கால் வைக்காதீர்கள். இடி கேட்டால் வெட்டவெளிப் பாறையில் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது.

வரும் ஞாயிறு நான் மறுபடி போகிறேன். ஓசூரிலிருந்து இராயக்கோட்டை வழியாக வரும் பஸ்ஸில் ஏறினால் பாலக்கோடு பஸ் நிலையத்துக்கே வந்துவிடலாம். எட்டு மணிக்கு அங்கே இருப்பேன். இடி முழங்கினால் டீ குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம், தூறல் என்றால் கிளம்பிவிடுவோம். ஜாக்கெட்டுக்கு அவசரமில்லை. கிழியாத யூரியா சாக்காக ஒன்று தேடி எடுத்து வாருங்கள், மடிக்கக் கற்றுத் தருகிறேன்.