பிரைமா, ஜூமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கேமராவோடு வந்த 18–55 மி.மீ. ஜூம் லென்ஸ் வைத்திருக்கிறேன். மாலையில் வீட்டுக்குள் குழந்தைகளை எடுத்தால் படம் கலங்கிவிடுகிறது. 50 மி.மீ. எஃப்/1.8 பிரைம் லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பிரைம் (ஜூம் செய்ய முடியாத, ஒரே மி.மீ. கொண்ட லென்ஸ்) வாங்குங்கள். ஆனால் 50 மி.மீ.தானா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். மி.மீ. எண் கூடக் கூடச் சட்டத்துக்குள் அடங்கும் காட்சி குறுகும்.

உங்கள் லென்ஸை 55-க்குத் திருப்பினால் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) பொதுவாக எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. எஃப்/1.8-ல் அதைப்போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். விளக்கு வெளிச்சத்தில் ஷட்டர் 1/20 விநாடி திறந்திருக்க வேண்டிய காட்சிக்கு, அதே ஐ.எஸ்.ஓ.வில் (ஒளி உணர்திறன் அளவில்) 1/200 போதும். ஓடியாடும் குழந்தை 1/20-ல் கலங்காமல் பதிவது அரிது. 1/200-ல் பெரும்பாலும் பதிந்துவிடும். லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அது நம் கை நடுக்கத்தை மட்டுமே சரிக்கட்டும், எதிரே இருப்பவரின் அசைவுக்கு உதவாது.

இனி 50-க்கு வருவோம். 18–55 பெரும்பாலும் ஏ.பி.எஸ்-சி சென்சார் கேமராக்களோடு வருவது. இது ஃபுல் ஃபிரேம் எனப்படும், பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சாரைவிடச் சிறியது. அதில் 50 மி.மீ. போட்டால் ஃபுல் ஃபிரேமில் 75 மி.மீ. (கேனானில் 80) காட்டும் அளவுக்குத்தான் காட்சி அடங்கும். மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் படச் சட்டத்தின் அகலத்தில் ஒன்றரை மீட்டர்கூட வராது. ஒரு முகத்தை மட்டும் எடுக்க அருமையான லென்ஸ். மூன்று பேர் தரையில் விளையாடுவதை எடுக்கப் பின்னால் போனால் முதுகு சுவரில் முட்டும். 35 மி.மீ. என்றால் அதே தூரத்தில் இரண்டு மீட்டர் அடங்கும். வீட்டுக்குள் எடுக்க 35 எஃப்/1.8-தான் என் தேர்வு.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. ஜூம் வளையத்தை 35-ல் வைத்து, அது நகராமல் டேப் ஒட்டி ஒரு வாரம் படம் எடுங்கள். அடுத்த வாரம் 50. எதில் கை அடிக்கடி வளையத்தைத் தேடியதோ, அது உங்களுக்கு ஒத்துவராது. பழைய படங்களின் விவரப் பகுதியிலும் ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று பதிவாகியிருக்கும். பிடித்த ஐம்பது படங்களைப் புரட்டினாலே உங்கள் பழக்கம் தெரிந்துவிடும்.

கேள்வி: 50 மி.மீ. பிரைம் வாங்கினேன். எஃப்/1.8-ல் ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் விழுகிறது. லென்ஸில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஏ.பி.எஸ்-சி கேமராவில் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், எஃப்/1.8-ல் தெளிவாக விழும் ஆழம் (முன்பின் தூரம்) மொத்தமே சுமார் 3 செ.மீ. முகம் சற்றுத் திரும்பியிருந்தாலே இரண்டு கண்களும் அதற்குள் அடங்காது. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் ஆழம் 11 செ.மீ.க்கு மேல் கிடைக்கும். தனி முகத்துக்கு எஃப்/2.8, இருவர் மூவர் சேர்ந்து நின்றால் எஃப்/4 வையுங்கள். ஃபோகஸ் புள்ளியை நீங்களே தேர்ந்தெடுத்து, அருகிலுள்ள கண்ணின்மேல் வையுங்கள். நடுப்புள்ளியில் ஃபோகஸ் பூட்டிவிட்டு கேமராவைத் திருப்பிச் சட்டம் அமைக்கும் பழக்கம் இவ்வளவு குறைந்த ஆழத்தில் படத்தைக் கெடுக்கும்.

டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) என்றால் இன்னொன்றும் பாருங்கள். கேமராவை டிரைபாடில் நிறுத்தி, ஒரே பொருளை வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாகவும் லைவ் வியூவிலும் (பின்திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்து எடுங்கள். லைவ் வியூ படங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் தெளிவாக இருந்தால், ஃபோகஸ் நுண்திருத்தம் தேவைப்படுகிறது என்று பொருள்.

கேள்வி: பயணத்துக்கு ஒரே லென்ஸ் என்றால்?

பதில்: ஜூம். காலால் முன்னே பின்னே நடந்து சமாளிக்கலாம் என்பார்கள். மலை முகட்டிலும் ஓடும் ரயிலிலும் நடப்பதற்கு இடமேது? மேலும், நடந்தால் முன்னிருப்பதற்கும் பின்னிருப்பதற்கும் உள்ள அளவு விகிதமே மாறும். வளையத்தைத் திருப்பினால் மாறாது. தூசி பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றாமல் இருப்பதும் பெரிய லாபம். வெளிச்சம் போன பிறகும் எடுப்பவர் என்றால் மட்டும் பையில் ஒரு சிறிய பிரைமும் இருக்கட்டும். 200 கிராமுக்குள்ளேயே கிடைக்கும்.

கேள்வி: ஜூமைவிட பிரைம் தெளிவானதா?

பதில்: அப்பர்ச்சரை அகலத் திறந்து எடுக்கும்போது, முக்கியமாக மூலைகளில், வித்தியாசம் தெரியலாம். பகல் வெளிச்சத்தில் இரண்டையும் எஃப்/8-ல் வைத்து எடுத்துச் சாதாரண அளவில் அச்சிட்டால், எது எந்த லென்ஸ் என்று சொல்வது கடினம். தெளிவுக்காக மட்டும் பிரைம் வாங்க வேண்டாம்.